மச்சானும் மலையடிவாரத்துப் படகும்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். என் கையெழுத்தை என் வீட்டிலேயே யாரும் முழுதாகப் படித்ததில்லை. ல, ள, ழ மூன்றில் எங்கே எது வரும் என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். மகள் பிழை திருத்தித் தருகிறேன் என்று சொன்ன தைரியத்தில் எழுதுகிறேன். வாயால் சொல்லலாமே என்று கேட்பீர்கள். வாயால் சொல்லத் தெரிந்திருந்தால் நான் சொல்லப்போகிற கஷ்டமே எனக்கு வந்திருக்காது.

அந்தக் காலத்தை நினைத்தால் முதலில் கண்ணில் வருவது, என் மச்சான் ஷெட் வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற காட்சிதான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கிருஷ்ணன்கோவில் போகிற ரோட்டில், தகரக் கூரை போட்ட பெரிய ஷெட். உள்ளே நடுவில், பிளந்து வைத்த புளியம்பழ ஓடு மாதிரி, நாலு ஆள் நீளத்துக்குப் பளபளவென்று ஒரு படகு அச்சு கிடந்தது. ரெசின் என்கிற பிசினின் வாடை நெற்றிப்பொட்டில் அடித்தது. பின்பக்கம் ஜன்னலில் மலை தெரிந்தது. நாங்கள் எல்லோரும் உள்ளே போய் நின்றுவிட்டோம். மச்சான் மட்டும் வாசற்படியைத் தாண்டவில்லை. அச்சைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், ரோட்டில் போன காலேஜ் பஸ்ஸைப் பார்த்தார். பிறகு என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டு, காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னார்:

“மாப்ள, கடல் எங்கன கெடக்கு, நம்ம எங்கன கெடக்கோம்? இங்க வந்து படகு கட்டச் சொல்லுதான். இதுல என்னமோ இருக்கு.”

மச்சான் என் மனைவியின் அண்ணன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். சந்தேகம் அவருக்கு உடம்போடு பிறந்தது. கத்தரிக்காய் வாங்கினால் கடையிலேயே ஒன்றைப் பிளந்து பார்ப்பார். ஊசி போட வருகிற நர்ஸிடம் மருந்துக் குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். தங்கையை எனக்குக் கொடுப்பதற்கு முன்னால் நான் வேலை பார்த்த மில்லுக்கே வந்து, கேட்டுக்கு வெளியே நின்று, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என்னைப் பற்றி விசாரித்தார். “பய பேசவே மாட்டேங்கானே, ஊமையா, இல்ல உள்ளுக்குள்ள எதையும் வச்சிருக்கானா?” என்று அவர் கேட்டதாக என் கூட்டாளிகள் பல வருஷம் என்னைக் கேலி செய்தார்கள். பிறகு அவரும் அதே மில்லுக்கு வேலைக்கு வந்தார். என்னைப் பக்கத்தில் இருந்து கவனிப்பதற்காகவே வந்தார் என்று நான் நினைத்ததுண்டு.

மில் மூடியபோது எங்கள் இரண்டு பேருக்கும் வேறு வேலை தெரியாது. ராஜபாளையத்தில் வேறு மில்கள் இருந்தன. ஆனால் எங்கள் வயதுக்காரர்களை யாரும் எடுக்கவில்லை. அப்போதுதான் இந்தப் பயிற்சி வந்தது. பைபர் தண்ணீர்த் தொட்டியும் கதவும் செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனிக்கு, கடற்கரைப் பக்கமிருந்து மீன்பிடிப் படகு ஆர்டர் வந்திருந்தது. மில்லில் வேலை பார்த்த ஆட்களை எடுத்துப் பழக்குவார்கள். முதல் படகு சரியாக வந்து, ஆர்டர் கொடுத்தவர்கள் எடுத்துக்கொண்டால், எங்களை நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். சரியாக வராவிட்டால் ஷெட் மறுபடியும் தொட்டி ஷெட்தான்; நாங்கள் வீட்டுக்குத்தான். முதல் நாளே மேனேஜர் இதைச் சொல்லிவிட்டார்.

ஊரில் ஒருவரும் நம்பவில்லை. பஸ் ஸ்டாப் டீக்கடைக்காரர் தினமும் எங்களைப் பார்த்ததும் ஆரம்பித்துவிடுவார். “என்ன கேப்டன், அய்யனார் கோவில் அருவியில விடப் போறியளா போட்ட? மேல இருந்து கீழ வருமே, சீக்கிரமாப் போயிரலாம்.” வெளிநாட்டுக்கு ஏற்றிவிடப் போகிறார்கள் என்று சிலர் சொன்னார்கள். மச்சான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, எல்லாவற்றிலும் கொஞ்சம் நம்பிக்கை வைத்துக்கொண்டு, டீயை மட்டும் ஒரு வாய் குடித்துப் பார்த்து, “பால் மாறியிருக்குய்யா” என்பார்.

எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர் ஒரு பெண். முப்பது வயது இருக்காது. தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. டிப்ளமோ படித்து, படகுப் பட்டறைகளில் வேலை பார்த்தவர். நாங்கள் அவரை மேடம் என்போம். அவர் எங்களை அண்ணாச்சி என்பார். முதல் நாள் அவர் பேசியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“அண்ணாச்சி, இது கண்காட்சிக்கு வைக்கிற போட் இல்ல. எங்க ஊர் ஆளுகதான் இதுல ஏறிக் கடலுக்குப் போவாக. நடுக்கடல்ல அடி விட்டுச்சுன்னா எறங்கி நிக்க அங்க தரை கெடையாது. அதனால ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன். இந்த மேட்ல தண்ணி படக் கூடாது. வேர்வை சொட்டக் கூடாது. ரெசின் இறுகுற வரைக்கும் தண்ணிதான் நமக்கு எதிரி.”

மேட் என்று அவர் சொன்னது, கண்ணாடி நூலைப் பொடியாக நறுக்கிப் பாய் போல அழுத்திய வெள்ளை விரிப்பு. அதை அச்சுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, ரெசினைப் பூசி, ரோலரால் உருட்டி, உள்ளே இருக்கிற காற்றையெல்லாம் வெளியே தள்ள வேண்டும். ரெசின் ஏறினால் வெள்ளை விரிப்பு கண்ணாடியாகத் தெளிந்துவிடும். அப்படி அடுக்கு அடுக்காக ஏறி இறுகினால் அதுதான் படகு. பார்ப்பதற்கு அந்த விரிப்பு நாங்கள் மில்லில் பார்த்த பஞ்சு விரிப்பைப் போலவே இருந்தது. எங்களில் பல பேர் அதைத் தொட்டவுடன் சிரித்துவிட்டோம். பழைய வேலைக்கே வந்துவிட்டது போல இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் மச்சானுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“கேட்டியா மாப்ள? தண்ணியில மெதக்கப் போற சாமானுக்குத் தண்ணி ஆகாதாம்லா! மீனுக்குத் தண்ணி ஆகாதுன்னு ஒருத்தன் சொன்னா நம்புவியா நீ?”

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

“சரக்கு மட்டமா இருக்கும். தண்ணி பட்டா பல்லு இளிச்சிரும். அதான் இந்தப் பிள்ளைய விட்டுப் பேச வைக்கான். நீ வேணா பாரு.”

பைபர் கண்ணாடி என்பதை என் தோல்தான் முதலில் தெரிந்துகொண்டது. விரிப்பை வெட்டும்போது கண்ணுக்குத் தெரியாத துகள் பறக்கும். கைமடிப்பு, கழுத்து, இடுப்பு எல்லா இடத்திலும் முள்ளாகக் குத்தும். மற்றவர்களுக்கும் அரித்தது, ஆனால் எனக்குத் தடித்துச் சிவந்து வீங்கியது. கையுறை போட்டாலும் முழுக்கைச் சட்டை போட்டாலும் நிற்கவில்லை. என் மனைவி தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டே அண்ணனைத் திட்டினாள். “நீயும் கூடத்தான அங்க இருக்க, அவியளப் பாத்துக்கிட மாட்டியா? இப்ப பாரு, கை வெள்ளரிக்கா மாதிரி வீங்கிக் கெடக்கு. இந்த மனுசனும் வாயத் தொறந்து சொல்ல மாட்டாரு.” மச்சான் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் பேசாமல் இருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

சித்திரை வெயிலில் படகின் அடிப்பகுதியைக் கட்ட ஆரம்பித்தோம். முந்தின நாள் சாயங்காலமே மற்றவர்கள் விரிப்பை அளவாக வெட்டித் தர, பக்கத்து ஸ்டோர் அறையில் மேசைமேல் அடுக்கி வைத்துவிடுவோம். மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன்னால் எடுத்து விரிக்க வேண்டும். வெயில் ஏறினால் ரெசின் வாளியிலேயே இறுகிவிடும். ஸ்டோர் சாவியை மேடம் என்னிடம் கொடுத்தார். “பேசாத ஆளு, வம்புக்குப் போக மாட்டிய” என்றார். நானும் மச்சானும்தான் கடைசி பஸ்ஸுக்கு நின்று, எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துப் பூட்டிவிட்டு வருவோம். நான் வெளியே ரோலர்களைக் கழுவிக்கொண்டிருப்பேன். மச்சான் உள்ளே கூட்டிப் பெருக்கிக்கொண்டிருப்பார்.

அந்த நாட்களில் என் அரிப்பு குறைந்தது. காலையில் விரிப்பைத் தூக்கும்போது முன்போலத் துகள் பறக்கவில்லை. உடம்பு பழகிவிட்டது என்று நினைத்தேன். என் மனைவிகூட எண்ணெய்க் கிண்ணத்தை உள்ளே எடுத்து வைத்துவிட்டாள்.

படகை அச்சிலிருந்து எடுத்த அன்று ஷெட்டே திருவிழாவாக இருந்தது. வெள்ளை வெளேரென்று, வழுவழுவென்று, நாங்கள் செய்ததா என்று எங்களுக்கே நம்பிக்கை வரவில்லை. மச்சான்கூட உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, “பாக்க நல்லாத்தான் இருக்கு” என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு. மேடம் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து முன்பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். டங், டங், டங் என்று கோயில் மணி போலக் கேட்டது. அடிப்பகுதிக்கு வந்ததும் சத்தம் மாறியது. பொத், பொத். அழுகின பூசணிக்காயைத் தட்டியது போல. மேடம் திரும்பத் திரும்பத் தட்டினார். பிறகு வெட்டுகிற மெஷினை எடுத்து அந்த இடத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்.

உள்ளே அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. நடுவில் விரிப்பு வெள்ளையாகவே இருந்தது. மேடம் நகத்தால் கீறினார். தோல் உரிவது போல உரிந்தது.

“நனைஞ்ச மேட்” என்றார். யாரையும் பார்க்காமல், அந்தத் துண்டைப் பார்த்தபடியே கேட்டார். “ஸ்டோர் சாவி யார்ட்ட இருக்கு?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வாய் வரவில்லை. எப்போதும் வராத வாய் அப்போது மட்டும் எப்படி வரும்? சாவி இடுப்பில் கனத்தது. கூரை ஒழுகவில்லை; சித்திரையில் எங்கே ஒழுகும்? பூட்டு உடையவில்லை. அப்படியானால் சாவி வைத்திருந்தவன்தான். பேசாமல் நின்றது என் குற்றத்துக்குச் சாட்சியாகிவிட்டது. மில்லில் எனக்கு எதிர்ப்பக்கம் நின்று பல வருஷம் வேலை பார்த்த ஒருவரே சொன்னார்: “அமைதியா இருக்கவன நம்ப ஏலாதுய்யா. வேற கம்பெனிக்காரன் எவனாச்சும் இவனப் பிடிச்சிருப்பான்.”

மச்சான் பாய்ந்து வந்தார்.

“ஏலே, யாரப் பாத்து என்ன பேசுத? எம் மாப்ள குடிக்கத் தண்ணி வேணும்னாகூட நாலு தடவ யோசிச்சுத்தான் கேப்பான். அவன் ஊத்துனானாம்லா தண்ணிய! ராத்திரி வாட்ச்மேன் என்ன பண்ணுதான்னு யாராச்சும் பாத்தியளா? ரெசின் டின்னத் தொறந்து பாத்தியளா, உள்ள என்னத்தக் கலந்திருக்கான்னு? அதெல்லாம் விட்டுட்டு வாயில்லாத ஆளப் பிடிக்கிய!” பிறகு மேடம் பக்கமும் திரும்பினார். “நீங்க கொண்டாந்த சரக்குதான அது? நீங்க சொல்லுங்க மொதல்ல.”

மேனேஜர் வந்தார். திங்கட்கிழமைக்குள் யார் என்று தெரிய வேண்டும், இல்லையென்றால் சாவி வைத்திருந்தவர் வர வேண்டாம் என்றார். படகைச் சரிசெய்ய முடியாவிட்டால் யாருமே வர வேண்டாம் என்றும் சொன்னார்.

அன்று பஸ்ஸில் மச்சான் வாட்ச்மேனைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து கையைச் சொறிந்துகொண்டிருந்தேன். அன்றைக்குக் காலையில், படகை எடுப்பதற்கு முன்னால், நானும் சேர்ந்து அடுத்த வேலைக்குப் புதிதாக விரிப்பு வெட்டியிருந்தோம். அரிப்பு பழையபடி வந்திருந்தது. சொறிந்துகொண்டே இருந்தவன் சட்டென்று நிறுத்தினேன். உடம்பு பழகியிருந்தால் இப்போது ஏன் அரிக்கிறது? அந்த நாட்களில் மட்டும் துகள் ஏன் பறக்கவில்லை? மில்லில் பஞ்சுத் தூசி பறந்தால், நூல் அறுந்தால், நாங்கள் என்ன செய்வோம்? காற்றில் ஈரம் ஏற்றுவோம். ஈரம் ஏறினால் தூசி அடங்கும், நூல் அறுந்துபோகாது. மில்லில் வேலை பார்த்த யாருக்கும் இது கையோடு வருகிற புத்தி. சாயங்காலம் ஸ்டோருக்குள் தனியாக நின்று கூட்டிப் பெருக்கியவர் யார்?

பக்கத்தில் மச்சான் பேசிக்கொண்டே இருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். தெரிந்துகொண்டுதான் பேசுகிறாரா, தெரியாமல் பேசுகிறாரா? அவர் இத்தனை வருஷம் உலகத்தைப் பார்த்த பார்வையை நான் அன்றைக்குத்தான் முதல் முறையாக இரவல் வாங்கினேன். வாங்கி, அவரையே பார்த்தேன். மிகவும் கேவலமான பார்வை அது. அவர் வீட்டுக்கு வந்து, “கவலப்படாத மாப்ள, எவன்னு நான் கண்டுபிடிச்சிருதேன்” என்று சொன்னால், இது நடிப்பா என்று தோன்றும். என் மனைவி அண்ணனுக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினால் எனக்கு எரியும். கேட்டுவிடலாம். ஆனால் கேட்டு, அவருக்குத் தெரியாமல் இருந்தால்? தெரிந்து இருந்தால் அதைவிட மோசம்.

மறுநாள் மேடம் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு, யார் மீதும் குறை சொல்லாமல், இரண்டு சின்னத் துண்டு விரிப்பை எடுத்தார். ஒன்றை அப்படியே ரெசின் போட்டு இறுக வைத்தார். இன்னொன்றின்மேல் ஈரக்கையால் லேசாக ஒற்றி எடுத்துவிட்டு ரெசின் போட்டார். இறுகிய பிறகு எங்களிடம் கொடுத்தார். முதல் துண்டை இரண்டு ஆள் பிடித்து இழுத்தும் அசையவில்லை. இரண்டாவதை மச்சான் வாங்கினார். விரலால்தான் நெம்பினார். பழைய தோசையைப் பிய்த்தது போல இரண்டு தகடாக வந்துவிட்டது.

“எம்புட்டுத் தண்ணி பட்டா இப்பிடி ஆகும்?” என்று கேட்டார்.

“கண்ணுக்குத் தெரியாத ஈரமே போதும் அண்ணாச்சி. தொட்டுப் பாத்தா காஞ்சு போன மாதிரிதான் இருக்கும்.”

மச்சான் இரண்டு தகட்டையும் மறுபடியும் சேர்த்துவைத்துப் பார்த்தார். பிறகு சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அன்று பஸ்ஸில் அவர் யாரையும் திட்டவில்லை. மறுநாளும் திட்டவில்லை. டீக்கடைக்காரர், “என்ன கேப்டன், ஓட்டையாம்லா கப்பல்ல?” என்றதற்குக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிடுவதற்கு முன்னால் மச்சான் எல்லோருக்கும் நடுவில் போய் நின்றார்.

“நான்தான்” என்றார். “மாப்ளைக்குக் கை வீங்கிப்போச்சு. தூசி அடங்கட்டுமேன்னு சாயங்காலம் சாயங்காலம் மேட்ல தண்ணி ஊதுனேன். மேடம் சொன்னாக, தண்ணி ஆகாதுன்னு. நான் நம்பல. சும்மா சொல்லுதாகன்னு நெனச்சேன். அவன் வெளிய கழுவிக்கிட்டு இருந்தான், அவனுக்கு ஒண்ணும் தெரியாது.”

நான் தரையைப் பார்த்தேன். பிறகுதான் நாங்கள் யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. ஒருவரும் அவரை நம்பவில்லை.

மேனேஜர் சிரித்தார். “தங்கச்சி மாப்பிள்ளையக் காப்பாத்த வந்துட்டீரு. நல்ல மனசுதான். ஆனா எனக்குக் காது குத்தாதேயும்.” என் எதிர்ப்பக்கத்துக்காரர், “ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு வந்திருக்காக” என்றார். மேடம்கூட மெதுவாகச் சொன்னார்: “அண்ணாச்சி, தண்ணி தெளிச்சிருந்தா காலையில நான் தொட்டுப் பாக்கும்போது தெரிஞ்சிருக்கும். துளித்துளியா கறை இருந்திருக்கும். ஒண்ணுமே இல்லையே. வேற எப்பிடியோ நனைஞ்சிருக்கு.”

ஊரில் எல்லோர்மேலும் சந்தேகப்பட்ட மனிதர், வாழ்க்கையில் ஒரு தடவை உண்மையைத் தானாகக் கொண்டுவந்து வைத்தபோது, வாங்கிக்கொள்ள ஆளில்லை. அவர் முகம் சுருங்கிப்போனது. விறுவிறுவென்று குடிதண்ணீர்ப் பானைக்குப் போனார். ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து வாய் நிறைய வைத்துக்கொண்டார். வெட்டிவைத்திருந்த ஒரு விரிப்பின் முன்னால் வந்து நின்றார். கன்னம் உப்ப, உதட்டைக் குறுக்கி, ஊதினார்.

தேய்ப்புக் கடைக்காரர் துணியில் ஊதுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இது அதைவிட மெல்லியது. துளி இல்லை. மார்கழிக் காலையில் மலையிலிருந்து இறங்குகிற பனி மாதிரி ஒரு வெள்ளைப் படலம் காற்றில் நின்று, மெதுவாக விரிப்பின்மேல் இறங்கி, காணாமல் போனது. மில்லில் ஈரப்பத மெஷின் பழுதான நாட்களில், நூலில் திட்டு விழாமல் ஊதுவதற்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். எங்களுக்கெல்லாம் அது தெரியும்; தெரிந்தும் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. மேடம் போய் விரிப்பைத் தொட்டுப் பார்த்தார். விரலைத் தேய்த்துப் பார்த்தார். திரும்பி மச்சானைப் பார்த்தார்.

“காஞ்ச மாதிரிதான் இருக்கு” என்றார்.

மச்சான் வாயைத் துடைத்துக்கொண்டு, “இப்ப நம்புவியளா?” என்று கேட்டார். அழுகிற குரலில் கேட்டார்.

மேடம் அவரை வீட்டுக்கு அனுப்பச் சொல்லவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. அடிப்பகுதி முழுவதையும் கெட்டியான அடுக்கு வருகிறவரை தேய்த்து எடுத்துவிட்டு, மறுபடியும் கட்டலாம், தேய்க்கிற வேலையை அவர் செய்யட்டும் என்றார். மேனேஜர் முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். படகு வாங்குகிற ஆள் கடற்கரையிலிருந்து வந்து பார்த்து, சரி என்றால்தான் எல்லோருக்கும் வேலை என்பதை மட்டும் இன்னொரு தரம் சொன்னார். மச்சான் முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு நாள் கணக்கில் தேய்த்தார். தலை, புருவம் எல்லாம் வெள்ளைப் பொடி. என்னைப் பக்கத்தில் வரவிடவில்லை. “போ அங்கிட்டு, கை வீங்கும்” என்பார். சாயங்காலம் ஸ்டோர் பக்கமே அவர் போவதில்லை.

அவரைப் பற்றி என் மனதில் இருந்த முள் மட்டும் போகவில்லை. ஒத்துக்கொண்டார், சரி. ஆனால் எப்போது தெரிந்தது? எல்லோரும் என்னைப் பார்த்தார்களே, அன்றைக்கேவா? என்மேல் பழி கிடந்த நாட்களில் தெரிந்துகொண்டே பக்கத்தில் உட்கார்ந்து வந்தாரா? இப்போது என் வேலையே படகுகளைத் தட்டிப் பார்ப்பதுதான். எந்தச் சத்தம் நல்ல சத்தம், எது பொய்ச் சத்தம் என்று என் காதுக்குத் தெரியும். மனிதரைத் தட்டிப் பார்க்க மட்டும் அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

தேய்த்து, மறுபடியும் கட்டி, மேல்வேலையெல்லாம் முடிய ஐப்பசி ஆகிவிட்டது. கார்த்திகையில் மழை நன்றாகப் பெய்து ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரிய கண்மாய் நிறைந்திருந்தது. கடலுக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் அதில்தான் படகை விட்டுப் பார்ப்பது என்று முடிவானது. லாரியில் படகு வந்ததும் கரை முழுக்கக் கூட்டம். டீக்கடைக்காரர் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். மேடத்தின் ஊரிலிருந்து ஒரு பெரியவரும் அவர் மகனும் வந்திருந்தார்கள். படகு அவர்களுக்குத்தான். பெரியவர் அடிப்பகுதியைக் குனிந்து பார்த்தார். புதிதாகக் கட்டிய இடத்தின் நிறம் உள்பக்கம் கொஞ்சம் வேறாகத் தெரிந்தது.

“இது என்ன, ஒட்டுப் போட்ட வள்ளமா?” என்றார். மேடம் நடந்ததையெல்லாம் மறைக்காமல் சொன்னார். பெரியவர் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். “நீ நம்ம ஊர்ப் பிள்ள, உன்ன நம்புதேன். ஆனா மலைக்காட்டுக்காரன் தண்ணி ஊதிக் கெடுத்து, அவனே ஒட்டுன வள்ளத்துல எம் மவனை ஏத்த மாட்டேன். கட்டுனவன் ஏறட்டும் மொதல்ல.”

மச்சானுக்கு நீச்சல் தெரியாது. முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியவர் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராகப் போய்ப் படகில் ஏறினார். பலகையில் உட்காரவில்லை. கீழே, தேய்த்துக் கட்டிய இடத்தின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உள்ளங்கையைத் தரையில் வைத்துக்கொண்டார். நானும் தண்ணீரில் இறங்கினேன்.

“நீ ஏறாத மாப்ள” என்று கத்தினார். “ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னா தங்கச்சிக்கு நான் என்ன பதில் சொல்ல?”

நான் விளிம்பைப் பிடித்து ஏறினேன். பெரியவரும் ஏறிப் பின்பக்கம் நின்று இன்ஜினை முடுக்கினார். கரை விலகியது. டீக்கடைக்காரர் ஏதோ கத்தினார், காதில் விழவில்லை. நடுக் கண்மாயில் காற்று வேகமாக இருந்தது. மலை எங்களோடு கூடவே திரும்பியது. எதிரே உட்கார்ந்திருந்த மச்சானைப் பார்த்து, என் வாழ்க்கையிலேயே நானாக முதலில் ஆரம்பித்த பேச்சை ஆரம்பித்தேன்.

“மச்சான், உங்களுக்கு எப்ப தெரியும்?”

என்ன தெரியும் என்று அவர் கேட்கவில்லை. உள்ளங்கையை எடுத்துப் பார்த்தார், திரும்ப வைத்தார்.

“நீ அன்னைக்கு பஸ்ல சொறிஞ்ச பாத்தியா, அப்பவே எனக்கு என்னமோ இடிச்சுச்சு. ஆனா அடுத்தவன் மேல சந்தேகம் லேசா வருது மாப்ள. நம்ம மேல வர மாட்டேங்கு. அந்தத் தகட்டப் பிய்க்கிற வரைக்கும் வரவே இல்ல.”

அது முழு உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்தேன். பயந்துபோயிருந்தார், தண்ணீருக்கா, எனக்கா என்று சொல்ல முடியவில்லை. நான் எழுந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, என் உள்ளங்கையையும் அவர் கைக்குப் பக்கத்தில் அதே இடத்தில் வைத்தேன். காய்ந்து கிடந்தது. அடியில் இன்ஜின் அதிர்வது மட்டும் தெரிந்தது.

“ஏய், ரெண்டு பேரும் ஒரே பக்கமா உக்காந்தா வள்ளம் சாயாதா?” என்று பெரியவர் பின்னாலிருந்து அதட்டினார். “மாமன் மச்சான் கொஞ்சலெல்லாம் கரையில போய் வச்சுக்கிடுங்க!”

ஆளுக்கொரு பக்கமாகத் தள்ளி உட்கார்ந்தோம். படகு நேரானது. பெரியவர் கரையைப் பார்த்துத் திருப்பினார். தூரத்தில் அவர் மகன் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, எங்கள் படகில் ஏறுவதற்காகக் காத்து நின்றான். பெரியவர் அவனைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

எழுதி முடித்தது, கார்த்திகை மாதம், கடைசி ஞாயிற்றுக்கிழமை.